புலி முகத்துச் சிவப்புக் கோடு

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை. ரீசார்ஜ், சிம் கார்டு, டிஷ் கனெக்‌ஷன், போன் கவர். பலகையில் வீட்டுக்காரர் பேர்தான் இருக்கும், ஆனால் திட்டு வாங்குகிறவள் தனலட்சுமியாகிய நான். பம்பாயில் எவனோ ஒரு கோட்டுப் போட்டவன் இன்னொரு கோட்டுப் போட்டவனின் கம்பெனியை வாங்கிக் கை குலுக்குவான். அடுத்த வாரம் கொட்டச்சேட்டிலிருந்து பஸ் ஏறி வந்து என் கடை வாசலில் நின்று, "என் சேனல் எங்க போச்சு?" என்று கேட்பார்கள். ஏதோ நான்தான் முந்தானையில் முடிந்து வைத்திருப்பது போல.

தாமிரா டிவியைப் பிக்ஸா கம்பெனி வாங்கியபோதும் அப்படித்தான். சேனல் நம்பரெல்லாம் மாறியது. சின்னப் பிள்ளைகள் பார்க்கிற சேனல் ஒன்று காணாமல் போனது. இரண்டு கம்பெனியிலும் எட்டு மணிக்கு ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு மாமியார் எதற்கு என்று நினைத்தார்கள் போலிருக்கிறது, தாமிராவின் சீரியலை நிறுத்திவிட்டார்கள். ஒழுங்காக முடித்துவிட்டாவது நிறுத்தியிருக்கலாம். தொலைந்து போன மகன் வந்து வாசல் கதவைத் தட்டுகிறான், உள்ளே அம்மா எழுந்திருக்கிறாள். அத்தோடு சரி. மறுநாள் அந்த நேரத்தில் யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள்.

போனிலும் டிவியிலும் ஓடுகிற தாமிரா ஆப்பும் பிக்ஸா ஆப்புக்குள் போய்விட்டது. பழைய படம், சீரியலெல்லாம் உள்ளே இருக்கும், தேடினால் கிடைக்கும் என்றார்கள். தேடித் தரச்சொல்லி என்னிடம் வந்தார்கள்.

இதில் சண்டை போடாமல் வந்தவள் செம்மநத்தம் கண்ணாயிக்கா ஒருத்திதான். கூட்டம் கலையும்வரை எதிர் டீக்கடை ஓரமாக நின்றிருந்துவிட்டு, கடைசியில் வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷக் கணக்காகியிருந்தது.

"ஏனுங்க, எம்மவன் உசுரோட இருக்கறானுங்க," என்றாள். "டிவி பாக்கறானுங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. பட்டப்பகல், பஸ் ஸ்டாண்டு முழுக்க ஆள், ஆனாலும் சிலிர்த்தது.

கண்ணாயிக்காவை எனக்குக் கடை ஆரம்பித்த காலத்திலிருந்தே தெரியும். காப்பிப் பழம் பறிக்கிற வேலை. மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறுவதில் ஆம்பளைகள் தோற்றுப் போவார்கள். படிக்கத் தெரியாது, ஆனால் பஸ் கண்டக்டரிடம் சில்லறை விஷயத்தில் ஒருநாளும் ஏமாந்தது கிடையாது. போனை மழைக்காகப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பாள். வீட்டுக்காரர் பொன்னுவேல் பேசாத மனுஷர். சொந்தத்தில் கொஞ்சம் காடு, அதில் ராகியும் சாமையும் போடுவார். பெண் மேனகா இங்கே ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறாள். மகன் மாதேஷ்.

மாதேஷ் குடகுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு ஆள் கூட்டிப்போகிற மேஸ்திரியோடு போனவன். போவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு பெரிய டிவி வாங்கி வைத்து, தன் போன் நம்பரைப் போட்டுத் தாமிரா ஆப்பைத் திறந்துகொடுத்தான். டிவியைப் போட்டதும் யார் பார்ப்பது என்று கேட்டு வரிசையாக முகங்கள் வரும் இல்லையா, அதில் அம்மாவுக்கு ஒரு பூ, அப்பாவுக்கு ஒரு யானை, தங்கச்சிக்கு ஒரு பொம்மை, தனக்கு ஒரு புலி. மேனகா தன் போனிலிருந்து நெட்டைத் திறந்துவிட்டால்தான் டிவி ஓடும். அதனால் அவள் வேலை முடிந்து வருகிற சாயங்காலத்துக்காக அம்மா காத்திருப்பாள்.

முதல் மழைக்கு அந்தப் பக்கம் மண் சரிந்தது. அதற்குப் பிறகு மாதேஷிடமிருந்து போன் இல்லை. பொன்னுவேல் போய்த் தேடினார். கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர், அந்தப் பையன் மழைக்கு முன்பே கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டான் என்றான். லைன் வீட்டில் தங்கியிருந்த கூலிக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மேஸ்திரி கண்ணிலேயே படவில்லை. போலீசில் எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் காகிதம் இன்னும் ஸ்டேஷனில்தான் தூங்குகிறது.

கண்ணாயிக்காவின் வகையறாவில் ஒரு சாங்கியம் உண்டு. போனவன் திரும்பாவிட்டால் பெற்றவள் அவனை மூன்று முறை கூப்பிட வேண்டும், வருஷத்துக்கு ஒன்றாக. மூன்றாவது கூப்பாட்டுக்கும் பதில் இல்லையென்றால், மேற்கே பார்த்த பாறைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவன் கூப்பிட்டாலும் இவர்கள் பதில் சொல்லக் கூடாது. முன்னெல்லாம் மலை விளிம்பில் நின்று குரல் கொடுப்பார்களாம். இப்போது பிள்ளைகள் குடகுக்கும் கேரளாவுக்கும் போவதால், போன் போட்டுக் கூப்பிட்டாலே கணக்கு என்று பொன்னுவேலின் அண்ணன் ராமசாமி சொல்லிவிட்டார். அவன் காது கடைசியாக இருந்த இடம் அந்த நம்பர்தானே என்பது அவர் வாதம்.

முதல் கூப்பாட்டுக்கும் இரண்டாவது கூப்பாட்டுக்கும், நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பொம்பளைதான் பதில் சொன்னாள். அந்தப் பொம்பளை கணக்கில் வரமாட்டாள் என்று பங்காளிகள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். மூன்றாவது வருஷமும் வந்தது. கண்ணாயிக்கா கூப்பிட மாட்டேன் என்றுவிட்டாள். கூப்பிட்டால்தானே முடியும். கூப்பிடாத வரைக்கும் மகன் இருக்கிறான்.

ஆனால் மேனகாவுக்கு மாரமங்கலத்தில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. போனவன் கதை தீராமல் வீட்டில் நல்ல காரியம் செய்யக் கூடாது. தை வரைக்கும் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். மகனை விட்டால் மகளுக்குக் கல்யாணம், விடாவிட்டால் அவளும் நிற்க வேண்டியதுதான். பெற்ற வயிற்றுக்கு இதைவிட வேறு என்ன கொடுமை வேண்டும், எனக்கு அந்த மாப்பிள்ளை வீட்டார் மேல் கோபம்தான் வந்தது.

இந்த நேரத்தில்தான் கம்பெனிகள் சேர்ந்தன.

அதுவரைக்கும் புலி முகத்துக்குள் யாரும் எதையும் ஓட்டிப் பார்த்ததில்லை. அதற்குள் மாதேஷ் பாதி பார்த்துவிட்டு நிறுத்திய ஒரு காமெடிப் படம் இருந்தது. படத்துக்குக் கீழே பாதி தூரம் ஓடி நிற்கிற சிவப்புக் கோடு. கண்ணாயிக்கா தினமும் அதைத் திறந்து, கோட்டைப் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். ஆப் மாறிய பிறகு ஒரு சாயங்காலம் திறந்தால் கோடு கடைசிவரைக்கும் போயிருந்தது. அதன் பக்கத்தில் இதுவரை இல்லாத கன்னடப் படங்கள், அவற்றுக்கும் பாதிப் பாதிக் கோடுகள்.

"கன்னடமுங்க," என்றாள் என்னிடம். "குடகுல என்ன பேசுவாங்க, கன்னடந்தானுங்களே? அங்கதான் எங்கியோ இருக்கறான். கோவத்துல போன் மட்டும் பண்ணாம இருக்கறான்."

எனக்கு என்ன நடந்திருக்கும் என்று உடனே தெரிந்துவிட்டது. சிம் விற்கிறவள் நான். ரொம்ப நாள் ரீசார்ஜ் பண்ணாத நம்பரைக் கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அந்த வேறு ஆள் அதே நம்பரில் பிக்ஸா ஆப் வைத்திருந்தால், இரண்டு ஆப்பும் சேரும்போது, நம்பர் ஒன்று, ஆளும் ஒன்று என்று இரண்டு கணக்கையும் ஒட்டிவிடுவார்கள். சேலத்து டீலரும் அதையேதான் சொன்னார். நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை, அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்ப அது யாருங்க?" என்றாள். "யாரோ ஒருத்தரு எதுக்குங்க எம்மவன் மூஞ்சிக்குள்ள வந்து ஒக்காந்துக்கிட்டு, அவன் பாதில உட்ட படத்த முடிக்கோணும்?"

டீலரிடம் இதைக் கேட்டிருந்தால் அவர் போனை வைத்திருப்பார்.

அதிலிருந்து அவள் புலி முகத்தோடு பேச ஆரம்பித்தாள். வாயால் பேசவில்லை. நின்றுபோன அந்த எட்டு மணி சீரியல் இருக்கிறதே, அதைப் புலி முகத்துக்குள் போய் ஓட்டுவாள். அம்மா இலை போட்டுச் சோறு வைத்துக்கொண்டு காத்திருக்கிற இடம் வந்ததும் நிறுத்திவிடுவாள். மறுநாள் கோடு நகர்ந்திருந்தால், "சாப்புட்டானுங்க" என்று எனக்குப் போன் வரும். நகராவிட்டால் போன் வராது. அந்த நாட்களில் நானே எடுத்துக் கேட்டுவிடலாமா என்று கை துறுதுறுக்கும். ஒரு நாள் கேட்கவும் செய்தேன். எனக்குமல்லவா பைத்தியம் பிடிக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மேனகா என் கடைக்கு வந்து அழுதாள். "ஊட்டுக்குள்ள போவறதுக்கே பயமா இருக்குதுங்க. டிவி சும்மா அணைஞ்சு கெடந்தாலும் அண்ணன் உள்ள ஒக்காந்திருக்கற மாதிரியே இருக்குது. அம்மா அதுக்கு முன்னாடி தட்டுல சோறு வெக்கறாங்க."

"அப்பா என்ன சொல்றாரு கண்ணு?"

"அப்பாவும் இப்பல்லாம் அண்ணன் தட்டு எங்கன்னு கேக்கறாருங்க."

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாயிக்கா பங்காளிகளை வீட்டுக்கு வரச் சொன்னாள். கோடு நகர்வதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும், பதில் சொல்கிறவனுக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்பது அவள் திட்டம். ராமசாமி, இன்னும் சிலபேர் வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேனகா நெட்டைத் திறந்துவிட்டு டிவியைப் போட்டாள். முகங்கள் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அதை அவள் வாய்விட்டுப் படித்தாள்: "இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்தது இல்லை."

சேர்ந்த கம்பெனி கொண்டுவந்த புதுச் சட்டம் அது. ஒரு கணக்கை ஒரு வீட்டில்தான் பார்க்க வேண்டும், வேறு வீட்டு டிவியென்றால் நம்பருக்கு ஓ.டி.பி. வரும், அதைப் போட்டால்தான் திறக்கும். காசு பண்ண அவர்களுக்கு ஆயிரம் வழி, அதில் இது ஒன்று. ஆனால் செம்மநத்தத்தில் பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கம்பெனி சட்டமாகத் தெரியவில்லை. ராமசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இது அவன் ஊடு இல்லைன்னு அவனே சொல்லிட்டான், கண்ணாயி," என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் என் கடைக்கு வந்துவிட்டாள். மேனகாவும் கூட வந்தாள்.

"அந்த ஓ.டி.பி. எந்த நம்பருக்குங்க போவும்?"

"மாதேஷ் நம்பருக்குத்தான் போவும், கண்ணாயிக்கா."

"அப்ப அதுக்குப் போன் போட்டுத்தான் கேக்கோணும்."

"ஆமாங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூன்றாவது கூப்பாடு. வருஷம் பூராவும் தள்ளிப் போட்டது, ஒரு டிவியைத் திறக்கவா? பிறகு போனைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்க சாட்சிங்க. சத்தமா வெய்ங்க."

அழுத்தினேன். திரையில் மாதேஷின் போட்டோ வந்தது. மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சிரிக்கிற போட்டோ, மேனகா எடுத்துவைத்தது. உபயோகத்தில் இல்லை என்கிற பொம்பளை பேசவில்லை. மணி அடித்தது. எங்கேயோ ஒரு இடத்தில் அவன் நம்பர் அடிக்கிறது.

எடுத்தார்கள். "ஹலோ" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

கண்ணாயிக்கா முகம் மலர்ந்தது. "கண்ணு," என்றாள் போனைப் பார்த்து. "நீ மாதேசோட சம்சாரமா சாமி? சொல்லு, நான் திட்ட மாட்டேன். எந்த ஜாதியா இருந்தாலுஞ் சரி. அவங்கிட்டக் குடு."

"அம்மா, நீங்க யாருன்னு தெரியலையே," என்றாள் அந்தப் பெண். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைம்மா."

நான் போனை வாங்கிப் பேசினேன். பேர் ரம்யா. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். இந்த நம்பர் போன வருஷம் புதிதாக வாங்கியது. பிக்ஸா ஆப் வைத்திருந்தாள். ஒருநாள் அது மாறி, அவள் பேருக்குப் பதிலாக ஒரு புலி முகம் வந்திருந்தது, புது ஆப் கொடுத்தது போல என்று விட்டுவிட்டாள். பாதியில் நின்ற தமிழ்க் காமெடிப் படத்தைச் சிரிப்பாக இருந்ததென்று முடித்தாள். பிறகு ஒரு சீரியல் வர ஆரம்பித்தது.

"யாரோ பாக்கறாங்கன்னு தெரிஞ்சுச்சுக்கா," என்றாள். "தினமும் அந்த அம்மா சோறு வெச்சுட்டு ஒக்காந்திருக்கற எடத்துலயே நிக்கும். எனக்குப் பாக்கச் சகிக்கலை. அவங்க மகன் வர்ற வரைக்கும் ஓட்டி விட்டுடுவேன்."

மேனகா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். நல்ல பெண். என் போனில் பிக்ஸா ஆப்பைத் திறந்து ஓ.டி.பி. அனுப்பச் சொன்னேன், அது வந்ததும் அவள் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள், நான் மேனகா கையில் எழுதினேன். கண்ணாயிக்கா அந்தக் கையைப் பிடித்து, தன் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துவிட்டாள். "வேண்டாங்க. அந்தப் புள்ளயே பாத்துக்கட்டும்."

"இருங்கம்மா, உங்க டிவியையும் சேத்து வெக்க முடியுமான்னு ஆப்புக்காரங்ககிட்டக் கேக்கறேன்," என்றது போன். "கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

கண்ணாயிக்கா எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அழவில்லை. வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னாள். "இத்தன நாளு அவன் சாப்புட்டான்னு நெனச்சனுங்க. எவ பெத்த புள்ளயோ, நான் வெச்ச சோத்தப் பாத்துக்கிட்டு இருந்திருக்குது."

அடுத்த வெள்ளிக்கிழமை பாறைக்குப் போனார்கள். சாட்சி சொல்ல நானும் வர வேண்டும் என்றார்கள். செம்மநத்தத்திலிருந்து காப்பிச் செடிகளுக்குள் ஒற்றையடிப் பாதை. சில்வர் ஓக் மரங்களிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. விளிம்பில் நின்றால் கீழே ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. நான் சேலத்துக்காரி, இந்த மாதிரிச் சாங்கியங்களைக் கேலி பேசுகிறவள். அன்றைக்குக் கேலி வரவில்லை.

ராமசாமி என்னைப் பார்த்தார். "மூணாவது கூப்பாட்டுக்குப் பதில் வந்துச்சுங்களாம்மா?"

பொய் சொன்னால் அவள் மகன் இன்னும் கொஞ்ச நாள் இருப்பான். உண்மையைச் சொன்னால் இன்றோடு சரி. "வந்துச்சுங்க," என்றேன். "ஆனா அது மாதேசு இல்லைங்க."

கண்ணாயிக்கா சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் பாறையில் ஓடி விளிம்பைத் தாண்டியது, விழுந்த சத்தம் கேட்கவில்லை. எல்லோரும் திரும்பினோம். இனி பின்னால் பார்க்கக் கூடாது.

கொஞ்ச தூரம்கூட வரவில்லை. அவள் இடுப்பில் போன் அடித்தது.

வெளியே எடுத்தாள். பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மாதேஷ் சிரித்தான். கீழே அவன் பேர். மேனகா வாயைப் பொத்திக்கொண்டாள். ராமசாமி பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். அது ஓசூர்ப் பெண், டிவி விஷயமாகச் சொன்ன வாக்குப்படி கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். கண்ணாயிக்காவுக்கும் தெரியும். ஆனாலும் என் முதுகில் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வார்த்தை பேசாத பொன்னுவேல்தான் கையை நீட்டினார். "குடு கண்ணாயி," என்றார். "ஒரே ஒருக்கா. என்னன்னு மட்டும் கேட்டுட்டு வெச்சுடறேன்."

அவள் போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வேண்டாங்க," என்றாள் அவரிடம். "நாம மூணு தடவ கூப்புட்டோம். இப்ப அவன் கூப்புடறான். நாம பேசுனா அவன் அங்கியே நின்னுக்குவான்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். போன் அவள் கையில் அதிர்ந்தது, ஆனால் விரல் பச்சைப் பக்கமும் போகவில்லை, சிவப்புப் பக்கமும் போகவில்லை. தானாக அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள்.

பனியில் எல்லாம் அடங்கிய பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏனுங்க," என்றாள் என்னிடம், "நின்னு போச்சுங்களா?"

"நின்னு போச்சுங்க," என்றேன்.